ஃப்ரீரைடு ஸ்கீ வீரர்களின் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ரீரைடு போட்டியில் என்னதான் நடக்கும்?

இயந்திரம் விட்டுச் சமப்படுத்தாத, கொடி நட்டு வழி காட்டாத ஒரு மலைமுகம். பாறை, பள்ளம், இடுக்கு, பனி எல்லாம் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே இருக்கும். மேலே ஒரு தொடக்க வாசல், கீழே ஒரு முடிவு வாசல், அவ்வளவுதான். இடையில் எந்த வழியாக இறங்குவது, எந்தப் பாறையிலிருந்து குதிப்பது, எங்கே வேகத்தைக் குறைப்பது என்பதெல்லாம் வீரரின் முடிவு. பொதுவாக ஆளுக்கு ஒரே ஒரு ஓட்டம். ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. யார் வேகமாக வந்தார் என்று கடிகாரம் பார்ப்பதில்லை, நடுவர்கள்தான் புள்ளி போடுகிறார்கள்.

இது எப்போது தொடங்கியது?

செங்குத்து மலைகளில் ஸ்கீ செய்கிற வழக்கம் ஆல்ப்ஸில் ரொம்பப் பழையது, ஆனால் போட்டியாக உருவெடுத்தது அலாஸ்காவில். 1991ல் வால்டெஸ் ஊருக்கு அருகே உலக எக்ஸ்ட்ரீம் ஸ்கீயிங் சாம்பியன்ஷிப் என்று நடத்தினார்கள், ஆண்களில் டக் கூம்ஸும் பெண்களில் கிம் ரைக்ஹெல்மும் வென்றார்கள். 1996ல் சுவிட்சர்லாந்தின் வெர்பியேவில் நிக்கோலா ஹேல்-வுட்ஸ் எக்ஸ்ட்ரீம் வெர்பியே போட்டியைத் தொடங்கினார். அது முதலில் இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டி இறங்கும் ஸ்னோபோர்டு ஆட்களுக்கு மட்டும்தான், ஸ்கீ வீரர்கள் 2004ல்தான் உள்ளே வந்தார்கள். அதே 1996ல் அமெரிக்காவில் ஸ்கீ வீரர் ஷேன் மெக்காங்கியும் நண்பர்களும் சேர்ந்து வீரர்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள், வட அமெரிக்காவின் ஜூனியர் போட்டிகளை இன்றைக்கும் அதுதான் நடத்துகிறது.

இப்போது எல்லோரும் பேசுகிற ஃப்ரீரைடு வேர்ல்டு டூர் 2008ல் வந்தது, ஒரு சீசன் முழுக்கப் பல மலைகளில் நடக்கும் போட்டித் தொடர் அது, கீழே உலகப் பட்டம் என்று நான் சொல்வதெல்லாம் இந்தத் தொடரின் பட்டம்தான். 2022ல் சர்வதேச ஸ்கீ சம்மேளனமான எஃப்ஐஎஸ் அதைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. 2024ல் ஃப்ரீரைடு அந்தச் சம்மேளனத்தின் அதிகாரப்பூர்வப் பிரிவானது, முதல் உலக சாம்பியன்ஷிப்புக்கு அந்தோராவின் ஓர்டினோ அர்காலிஸைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒலிம்பிக்கில் இன்னும் சேரவில்லை. சேர்ந்தால் பணம் வரும், பயிற்சியாளர்கள் வருவார்கள், தேசிய அணிகள் வரும். கூடவே டிவி அட்டவணைக்காக மலையை அவசரப்படுத்துகிற நெருக்கடியும் வந்துவிடுமோ என்ற கவலை எனக்கு உண்டு.

முன்கூட்டி அந்த மலையில் பயிற்சி எடுப்பார்களா?

கிடையாது. இந்த விளையாட்டை மற்றதிலிருந்து பிரிக்கிற விஷயமே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

போட்டிக்கு முன் அந்த முகத்தில் யாரும் ஸ்கீ செய்யக் கூடாது. எதிர்ப்பக்கம் நின்று பைனாகுலரில் பார்க்கலாம், போட்டோ எடுத்துப் பெரிதாக்கி மணிக்கணக்கில் உட்கார்ந்து படிக்கலாம். கீழிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு பாறையும் தெளிவாகத் தெரியும். மேலே போய் நின்றால் அத்தனையும் தலைகீழாக மாறிவிடும், காலுக்குக் கீழே வளைந்து இறங்கும் பனியும் அதற்கப்பால் வெறும் காற்றும்தான் கண்ணில் படும். குதிக்கப்போகிற பாறையின் விளிம்பு, அந்த இடத்துக்குப் போய்ச் சேரும்வரை தெரியாது. அதனால் அடையாளங்களை மனப்பாடம் செய்துகொள்கிறார்கள்: இரட்டைப் பாறைக்கு இடது பக்கம் மூன்று திருப்பம், அப்புறம் கறுப்பு முனையை நேராக நோக்கிப் போனால் குதிக்கிற இடம், இறங்கியதும் உடனே வலது, ஏனென்றால் நேரே போனால் கல். ஒரு மீட்டர் தள்ளிக் குதித்தால் இறங்குமிடம் பனியாக இருக்காது.

அதோடு பனி எப்படி இருக்கும் என்பதையும் தூரத்திலிருந்தே ஊகிக்க வேண்டும். காலை வெயில் பட்டு இரவில் இறுகிய பகுதி எது, காற்று கொண்டுவந்து குவித்த பகுதி எது, மேலே தூள் மாதிரித் தெரிந்தாலும் அடியில் கல் ஒளிந்திருக்கக்கூடிய இடம் எது, இதெல்லாம் பார்க்க வேண்டும். யார் எத்தனையாவதாக இறங்குகிறார் என்பதும் கணக்கில் வரும். முதலில் போகிறவருக்குப் புதுப் பனி கிடைக்கும், ஆனால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாது. பின்னால் போகிறவருக்குத் தகவல் கிடைக்கும், ஆனால் நல்ல இறங்குமிடங்களில் முன்னால் போனவர்கள் விழுந்த குழிகளும் தடங்களும் இருக்கும். ஆகவே நல்ல வீரர்கள் ஒரு வழியோடு கூட மாற்றுவழி ஒன்றையும் மனதில் வைத்துக்கொண்டுதான் வாசலில் நிற்பார்கள்.

வெர்பியேவின் பெக் தெ ரோஸ் 3,200 மீட்டருக்கு மேல் உயரம், சில இடங்களில் சரிவு 50 டிகிரியைத் தொடுகிறது. சீசனின் கடைசிப் போட்டி பல வருடமாக அங்கேதான். உச்சிக்கு நடந்தே ஏற வேண்டும். மனப்பாடம் செய்த படத்தைத் தலையில் சுமந்துகொண்டு அந்த ஏற்றம் ஏறுவதே பெரிய சோதனை என்று நினைக்கிறேன்.

புள்ளி எப்படிப் போடுகிறார்கள்?

நூறுக்கு. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தார், எவ்வளவு கட்டுப்பாட்டோடு இறங்கினார், தயங்கி நிற்காமல் ஓட்டம் தொடர்ந்ததா, குதிப்புகள் எப்படி, ஸ்கீ நுட்பம் எப்படி என்று ஐந்து பார்வைகளை வைத்து மொத்தமாக ஒரு மதிப்பீடு. ஒவ்வொரு வித்தைக்கும் இத்தனை புள்ளி என்ற அட்டவணை கிடையாது, அதனால் சர்ச்சைகளும் குறைவில்லை.

புதிதாகப் பார்க்கிறவர்கள் உயரமாகக் குதித்தவர்தான் ஜெயித்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரிய பாறையிலிருந்து குதித்து, இறங்கும்போது பின்பக்கம் சாய்ந்து முதுகு பனியில் தட்டினால் கட்டுப்பாட்டுக்கான மதிப்பு போய்விடும். விழுந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், மேடை பற்றி யோசிக்க வேண்டாம். எளிதான வழியில் பிசிறில்லாமல் வந்தாலும் வெல்ல முடியாது. தனக்கு முடிந்ததில் மிகக் கடினமானதை, முடிந்ததைத் தாண்டாமல் செய்கிறவருக்குத்தான் புள்ளி. இந்த அளவு தெரிந்தவர்கள்தான் பத்து வருடம் தாக்குப்பிடிக்கிறார்கள். இதைப் பைத்தியக்காரத் துணிச்சல் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாதது இதனால்தான்.

ரேஸ் ஓடியவர்கள் இதற்கு வருகிறார்களா? இல்லை, பிறந்ததிலிருந்தே பனியில் வளர்ந்திருக்க வேண்டுமா?

பெரும்பாலோர் மூன்று நான்கு வயதில் ஸ்கீ கட்டிய மலை ஊர்ப் பிள்ளைகள்தான், அதை மறைத்து என்ன பயன். இத்தாலியின் அரியானா த்ரிகோமி டோலமைட் மலைகளில் வளர்ந்தவர், அவருடைய அம்மா ஒலிம்பிக்கில் ஓடிய ஸ்கீ வீராங்கனை. த்ரிகோமி 2018, 2019, 2020 என்று தொடர்ந்து மூன்று வருடம் உலகப் பட்டம் வென்றார்.

ஆனால் வருகிற பாதைகள் பலவிதம். சிலர் கொடிகளுக்கிடையே ரேஸ் ஓடிப் பழகியவர்கள், வேகத்தில் கால் நடுங்காது. சிலர் செயற்கையாகக் குதிப்பு மேடைகள் கட்டிய ஸ்கீ பார்க்கில் வித்தை செய்து பழகியவர்கள், காற்றில் உடம்பு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். இத்தாலியின் தெற்குத் திரோலைச் சேர்ந்த மார்க்குஸ் எதர் 2014 சோச்சி ஒலிம்பிக்கில், அப்படிப்பட்ட மேடைகளில் வித்தை காட்டும் ஸ்லோப்ஸ்டைல் பிரிவில் ஆடியவர், 2019ல் ஃப்ரீரைடு உலகப் பட்டம் வென்றார்.

எனக்கு மிகவும் பிடித்த கதை கனடாவின் ஜஸ்டின் துஃபூர்-லாபுவாந்த் உடையது. மேடுபள்ளமான சரிவில் வேகமாக இறங்கும் மொகல்ஸ் பிரிவில் 2014ல் 19 வயதில் ஒலிம்பிக் தங்கம், அன்று வெள்ளி வென்றது அவருடைய அக்கா குளோயி. 2018ல் வெள்ளி. 2022 பெய்ஜிங்கில் கீழே விழுந்து பதக்கமில்லாமல் திரும்பினார். அதோடு ஓய்வு பெற்றிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அந்த வருடமே மொகல்ஸை விட்டு ஃப்ரீரைடுக்கு வந்தார், 2023ல் முதல் சீசனிலேயே உலகப் பட்டம். அளவெடுத்துச் செய்த ஒரே மாதிரியான சரிவில் வருடக்கணக்கில் பழகிய ஒருவர், எதுவுமே திட்டமில்லாத மலைக்கு வந்து பனியைப் படிக்கக் கற்றுக்கொண்டார். கால்பலம் ஏற்கெனவே இருந்தது, புதிதாக வேண்டியிருந்தது மலையறிவு. 

டூருக்குள் நுழைவது எப்படி?

படிப்படியாகத்தான். 18 வயது வரை ஜூனியர் போட்டிகள். அதற்கு மேல் தகுதிச்சுற்றுகள், அவற்றுக்கு ஒரு நட்சத்திரத்திலிருந்து நான்கு நட்சத்திரம் வரை தரம் உண்டு, நட்சத்திரம் கூடக்கூட மலையும் கடினம், தரவரிசைப் புள்ளியும் அதிகம். அதில் முன்னணியில் வருபவர்கள் சேலஞ்சர் என்கிற அடுத்த படிக்குப் போவார்கள், அங்கிருந்து மிகச் சிலர் டூருக்கு. ஐரோப்பா, ஆசியா, ஓசியானியா சேர்ந்து ஒரு வட்டாரம், அமெரிக்கக் கண்டங்கள் ஒரு வட்டாரம். நேரடி அழைப்பிலும் சிலர் வருகிறார்கள்.

டூரில் இடம் கிடைத்துவிட்டால் அப்பாடா என்று உட்கார முடியாது. சீசனின் நடுவிலேயே ஒரு வடிகட்டல் இருக்கிறது. அதில் தப்பியவர்கள் மட்டுமே வெர்பியே மாதிரியான கடைசிக் கட்டப் போட்டிகளுக்குப் போவார்கள், மற்றவர்கள் பெரும்பாலும் மறுபடி கீழ்ப்படியிலிருந்து ஏறி வர வேண்டும். ஒரு விழுகை, ஒரு காய்ச்சல், பனி இறுகிப்போன ஒரு நாள் போதும், ஒரு வருட உழைப்பு போய்விடும்.

சம்பாதிக்க முடியுமா?

பரிசுப் பணத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. தகுதிச்சுற்றுகளில் பயணச் செலவு, தங்கும் செலவு, நுழைவுக் கட்டணம் எல்லாம் சொந்தக் கைக்காசு. காரில் படுத்துத் தூங்குவது, ஒரே அறையில் ஐந்தாறு பேர் தங்குவது எல்லாம் சகஜம். கோடையில் கட்டட வேலை, குளிர்காலத்தில் போட்டி இல்லாத நாட்களில் ஸ்கீ வகுப்பு எடுப்பது என்று ஓட்டுகிறார்கள்.

உண்மையான வருமானம் ஸ்பான்சர்களிடமிருந்து. முதலில் ஸ்கீயும் உடையும் இலவசமாகத் தருவார்கள், அப்புறம் பயணச் செலவு, பெயர் வந்தபிறகுதான் மாதச் சம்பளம் மாதிரி ஒப்பந்தம். ஸ்கீ கம்பெனி, உடைக் கம்பெனி, எனர்ஜி டிரிங்க், சொந்த ஊர் சுற்றுலா அலுவலகம் என்று நாலைந்தைச் சேர்த்துத்தான் ஒரு வருடத்தை ஒப்பேற்றுவார்கள். அந்தக் கம்பெனிகளுக்குத் தேவை படம். அதனால் போட்டியில் வென்ற பெயரை வைத்து வீடியோவுக்குப் போவதுதான் பலரின் வழி. பிரான்ஸின் கான்டிட் தொவெக்ஸ் போட்டிகளை விட்டபிறகுதான் உலகம் முழுக்கத் தெரிந்தார். பனியே இல்லாத புல்லிலும் மணலிலும் அவர் ஸ்கீ செய்கிற ஆடி கார் விளம்பரத்தை, ஸ்கீ என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் பார்த்திருப்பார்கள்.

அந்த உயரத்துக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெற்றோர் யாராவது இதைப் படித்தால், பிள்ளை ஒரு படிப்பையோ தொழிலையோ கையில் வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் சொல்வேன்.

எந்த மாதிரி ஸ்கீ?

அகலமானது, நடுப்பகுதியில் 105 முதல் 120 மில்லிமீட்டர் வரை. ரேஸ் ஸ்கீ கிட்டத்தட்ட அதில் பாதிதான் இருக்கும். முனை மேல்நோக்கி வளைந்திருப்பதால் ஆழமான பனியில் புதையாமல் மிதக்கும். இதற்கு வழிகாட்டியவர் ஷேன் மெக்காங்கி. அலாஸ்காவில் தண்ணீர் ஸ்கீயைக் கட்டிக்கொண்டு பனியில் இறங்கிப் பார்த்து, அந்த யோசனையிலிருந்து 2002ல் வந்த வோலன்ட் ஸ்பேச்சுலா என்ற ஸ்கீ மொத்தத் தொழிலையும் மாற்றிவிட்டது.

ஹெல்மெட், முதுகுக் கவசம், பனிச்சரிவில் புதைந்தால் இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸீவர், மண்வெட்டி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, இவை இல்லாமல் வாசலில் நிற்கவே விடமாட்டார்கள்.

பனிச்சரிவு எவ்வளவு ஆபத்து?

இந்தக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்லக் கூடாது. இந்தத் தொழிலில் சாவு உண்டு.

பலகை மாதிரிப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவில்தான் கிளம்புகின்றன. ஃப்ரீரைடு வீரர்கள் விரும்பும் சரிவும் பெரும்பாலும் அதுவேதான். மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் விஷயத்தில், அதைக் கிளப்பிவிட்டது அவர்களோ கூட வந்தவர்களோதான். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு, அதற்கப்புறம் மளமளவென்று குறைந்துவிடும். ஹெலிகாப்டர் வருவதற்குள் நேரம் போய்விடும், காப்பாற்ற முடிந்தவர்கள் பக்கத்தில் நிற்கும் நண்பர்கள் மட்டுமே. கையில் மண்வெட்டி இருந்தால் போதாது, பழகியிருக்க வேண்டும்.

போட்டி நாளில் மலைவழிகாட்டிகள் முகத்தைச் சோதித்து, தேவையானால் வெடி வைத்துப் பனியை முன்கூட்டியே இறக்கி, பிறகுதான் அனுமதி தருகிறார்கள். மீட்புக் குழு ஆங்காங்கே நிற்கும். அப்படியும் ஓட்டத்தின் நடுவே வீரர் கிளப்பிய தளர்பனி பின்னாலேயே துரத்தி வந்து காலை வாருவதுண்டு, அது எந்தப் பக்கம் ஓடும் என்று கணித்து ஒதுங்கி ஓடுவதும் ஒரு திறமை.

ஆபத்து அதிகம் போட்டிக்கு வெளியேதான். 2016 ஏப்ரலில் சுவிஸ் ஸ்னோபோர்டு வீராங்கனை எஸ்டெல் பாலே, தன் இரண்டாவது உலகப் பட்டத்தை வென்று மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், படப்பிடிப்பின்போது பனிச்சரிவில் இறந்தார். வயது 21. அதே வருடம் ஜூலையில், 2013ல் எக்ஸ்ட்ரீம் வெர்பியே வென்ற ஸ்வீடனின் மாட்டில்டா ராபபோர்ட் சிலியில் படப்பிடிப்பில் பனிச்சரிவில் சிக்கி இறந்தார், திருமணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. வால்டெஸில் முதல் பட்டம் வென்ற டக் கூம்ஸ் 2006ல் பிரான்ஸின் லா கிராவில் விழுந்து இறந்தார். இவர்கள் யாருமே மலையைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. அறிவு ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. அதனால்தான் பனி சரியில்லை என்று தோன்றுகிற நாளில் கேமராவும் ஸ்பான்சரும் காத்திருந்தாலும் இறங்க மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த வீரர்களை நான் அதிகம் மதிக்கிறேன்.

காயம் பட்டால் வாழ்க்கை முடிந்துவிடுமா?

முட்டி லிகமென்ட் கிழிவது இவர்களுக்கு அடிக்கடி நடக்கிற விஷயம், அறுவை சிகிச்சை, எட்டு மாதம் பத்து மாதம் பயிற்சி, அடுத்த சீசன். அதற்குள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்பதுதான் வலியை விடப் பெரிய கவலை. கான்டிட் தொவெக்ஸுக்கு 2007ல் தன் ஊரான லா க்ளூசாவில் ஒரு குதிப்பில் முதுகெலும்பு முறிந்தது. மூன்று வருடம் கழித்து, 2010ல், ஃப்ரீரைடு உலகப் பட்டத்தை வென்றார். எல்லோருக்கும் இப்படி அமையாது. மலைமீட்புச் செலவையும் சேர்த்துக் காப்பீடு எடுக்காமல் ஒருநாளும் இறங்கக் கூடாது.

எத்தனை வயது வரை ஆடலாம்? அப்புறம் என்ன செய்வார்கள்?

முப்பதுகளின் நடுப்பகுதி வரை ஆடுகிறவர்கள் உண்டு, மலையைப் படிக்கும் கண் வயதோடு கூர்மையாகிறது. அதே நேரத்தில் பாறையிலிருந்து இரட்டைக் குட்டிக்கரணம் போடும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் வரவர அதிகமாகிறார்கள், அவர்களோடு ஈடுகொடுப்பது சுலபமில்லை. விலகியவர்கள் வழிகாட்டிகளாக, பயிற்சியாளர்களாக, நடுவர்களாக, ஸ்கீ வடிவமைப்பில் வேலை பார்ப்பவர்களாகப் போகிறார்கள். ஷமோனியின் ஒரேலியன் தூக்ரோ 2009லும் 2011லும் பட்டம் வென்றவர், பாய்மரப் படகில் அட்லாண்டிக் கடக்கும் போட்டிகளுக்கே போய்விட்டார்.

இந்தியாவிலிருந்து, அல்லது புலம்பெயர்ந்த தமிழர்களிடமிருந்து யாராவது வர முடியுமா?

மலை இருக்கிறது. காஷ்மீரின் குல்மார்க்கில் கேபிள் கார் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடுகிறது, அபர்வத் சரிவின் பனிக்காக உலகம் முழுவதிலிருந்தும் ஸ்கீயர்கள் வருகிறார்கள். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரரான ஆரிஃப் கான் அந்தப் பகுதிக்காரர்தான், அவர் ஓடியது ரேஸ் பிரிவு. ஆனால் அபர்வத்திலும் பனிச்சரிவில் உயிர்கள் போயிருக்கின்றன, வழிகாட்டி இல்லாமல் எல்லைக்கயிற்றைத் தாண்டக் கூடாது.

சுவிட்சர்லாந்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. அங்கே பள்ளிகள் பிள்ளைகளை ஒரு வாரம் ஸ்கீ முகாமுக்கு அழைத்துப்போவது வழக்கம். அந்த ஒரு வாரம் பிடித்துப்போன பிள்ளையை உள்ளூர் ஸ்கீ கிளப்பில் சேர்த்துவிடுங்கள். பதின்ம வயதில் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பு, அதன்பின் ஜூனியர் போட்டி. செலவு இருக்கிறது, பழைய உபகரணம் வாங்கி ஓரளவு சமாளிக்கலாம்.

எப்படிப் பார்ப்பது?

போட்டிகளை யூடியூபில் நேரலையாகக் காட்டியிருக்கிறார்கள். தொடங்குவதற்கு முன் மலைமுகத்தின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்து, நீங்களாக இருந்தால் எந்த வழியாக இறங்குவீர்கள் என்று ஒரு கோடு மனதில் போட்டுக்கொள்ளுங்கள், அப்போதுதான் வீரர் எடுக்கிற முடிவின் கனம் புரியும். ஒரே தேதியை நம்பி விடுப்பு எடுக்க வேண்டாம். பனியும் காற்றும் சரியாக வரும்வரை காத்திருக்க ஒரு வார அளவு அவகாசம் வைத்திருப்பார்கள், நாள் உறுதியாவது பெரும்பாலும் ஓரிரு நாள் முன்புதான். இந்திய நேரத்துக்கு ஐரோப்பியப் போட்டிகள் மதியவாக்கில் வரும், கனடா போட்டிகள் என்றால் இரவு.